ஐந்தாவது பனை

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் உங்களில் பலர் அடுப்படியில் நிற்பீர்கள். என் முதல் நான்கு வசனங்கள் சப்பென்று இருந்தால் உங்கள் கை வானொலிக் குமிழைத் திருகிவிடும். கட்டுரை வாசிப்பவரிடமும் அப்படியொரு குமிழ் இருக்கிறது. முப்பது வருடம் தமிழ் படிப்பித்துக் கொப்பி திருத்திய எனக்கு மட்டும் அது இருக்கவில்லை. எதை எழுதித் தந்தாலும் கடைசி வரி வரை வாசித்தாக வேண்டும். ஆகவே, முகவுரை பற்றிப் பேச எனக்கு உரிமையும் உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு.

டெங்கு ஒழிப்பு பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பையன் ஆதிமனிதனைக் குகையிலிருந்து கிளப்பினான். அந்த மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்து, வயல் உழுது, நகரம் கட்டி, ஒருவாறு நுளம்பிடம் வந்து சேர்வதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற முகவுரையைப் பாடமாக்கி வைத்திருக்கச் சொன்னவர்கள் நாங்கள்தான். எதற்கும் பொருந்துகிற சட்டை ஒருவருக்கும் அளவாக இருக்காது.

முகவுரையின் அருமை நம்மவர்களுக்குப் புதிதல்ல. நன்னூல் அதற்குப் பாயிரம், அணிந்துரை, நூன்முகம் என்று ஏழெட்டுப் பெயர் சொல்கிறது. ஆயிரம் முகமாக விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே அல்ல என்றும் அடித்துச் சொல்கிறது. மாநகருக்குக் கோபுரம் போல என்று உவமையும் தருகிறது. நல்லூர்க்காரனான எனக்குக் கோபுரத்தோடு பகையில்லை. ஆனாலும் ஒரு பாடசாலைக் கட்டுரைக்கு எங்கள் பழைய வீடுகளின் சங்கடப் படலை போதும் என்பேன். இளையவர்கள் கண்டிருக்க மாட்டீர்கள்: படலைக்கு மேலே சின்னக் கூரை, இரு பக்கமும் திண்ணை. வழிப்போக்கர் வெயிலுக்கோ மழைக்கோ ஒதுங்குவார். ஒதுங்கியவரின் கண் தானாகவே முற்றத்துக்குள் போகும். உள்ளே என்ன என்று அவருக்கு ஒரு கேள்வி பிறக்கும். அவ்வளவுதான் முகவுரையின் வேலை.

கேள்வி பிறக்க வேண்டும் என்றேன். அதற்கு ஒரு கதை. என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துவிட்டது. நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் திரும்பி வந்திருந்த காலம். கூரையில்லாத வகுப்பறையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் 'பனையின் பயன்கள்' என்று தலைப்புக் கொடுத்தேன். நாற்பது கொப்பி. ஒன்று விட்டு ஒன்று, 'பனை ஒரு கற்பகதரு' என்றே தொடங்கியது. நித்திரை தூங்கி விழுகிற நேரத்தில் ஒரு பிள்ளையின் கொப்பி வந்தது. முதல் வசனம் இது: 'எங்கள் வளவில் எட்டுப் பனைகள் நின்றன, இப்போது மூன்று நிற்கின்றன.'

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற ஐந்தும் எங்கே? பாருங்கள், கேள்வியை அவள் எழுதவே இல்லை. எட்டு, மூன்று என்று இரண்டு எண்களை வைத்தாள். கழித்துப் பார்த்தவன் நான். 'பனையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?' என்று அவள் தொடங்கியிருந்தால், தெரியும் பிள்ளை, போ என்றிருப்பேன். அடுத்த பந்தியில் பதில் வரத் தொடங்கியது: இரண்டைப் பதுங்கு குழிக்கு மேலே அடுக்கத் தறித்தார்கள். ஒன்று வீட்டுக் கூரைக்குச் சலாகையாகப் போனது. ஒன்றில் இடி விழுந்தது. ஐந்தாவதைப் பற்றி மூச்சே இல்லை. ஒடியலும் பனாட்டும் பாயும் பெட்டியும் இடையில் வந்து போயின. நான் ஐந்தாவது பனையையே தேடிக்கொண்டு வாசித்தேன்.

முகவுரையை எப்போது எழுதுவது என்பதையும் விரிவாகச் சொல்ல வந்தேன். நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: வீட்டில் எழுதுகிறவர்கள் கடைசியில் எழுதுங்கள், பரீட்சை மண்டபத்தில் நான்கு வரி இடம் விட்டு, உடலைத் தொடங்குங்கள், பிறகு திரும்பி வாருங்கள். இடம் விட்டதை மறந்துவிட வேண்டாம். மேற்கோளில் தொடங்கலாமா என்பதற்கு இன்று நேரமில்லை.

ஐந்தாவது பனையா? கடைசிப் பந்தியில் இருந்தது. அக்காவின் சீதனத்துக்காக வளவில் ஒரு துண்டை விற்றிருந்தார்கள். பனை நிற்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம்.