வானமா, மாவா? மாயா ஆசிரியர்கள் கணினி கற்ற கதை

[திரையில்: வெற்றுப் பக்கம், கர்சர் துடிக்கிறது]

வணக்கம். கிச்சே மொழியில் வானத்துக்கு 'கஹ்' என்று பெயர். அதே சொல்லில் முதல் எழுத்தை மட்டும் தொண்டையை இறுக்கி, சட்டென்று விட்டுச் சொல்லிப் பாருங்கள். இப்போது அது 'மாவு'! எழுத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டுவது பக்கத்தில் போடும் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றுதான்.

[திரையில்: குவாத்தமாலா வரைபடம்]

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் பழங்குடிகளான மாயா மக்கள் பேசும் 22 மொழிகளில் கிச்சேயும் ஒன்று. சுமார் பத்து லட்சம் பேர் பேசுகிறார்கள். ஆனால் மாயா மொழிகளுக்கான பொது எழுத்துமுறையை அரசு ஏற்றது 1987-ல்தான்.

இதன் விளைவைப் பாருங்கள். வீட்டில் கிச்சே பேசி வளர்ந்த ஒருவர் ஸ்பானிஷில் படித்து ஆசிரியர் ஆகிறார். இருமொழி ஆசிரியர் வேலையும் கிடைக்கிறது. தாய்மொழியில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடுகிறது. இதை அவர் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் படித்த பள்ளி அதைச் சொல்லித்தரவே இல்லையே!

36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் முடிந்தது. போரில் மிகக் கொடுமையாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று எல் கிச்சே மாவட்டம். அங்கேதான் 2000-ஆம் ஆண்டுவாக்கில், அமெரிக்க நிதியுதவியோடு 'என்லாசே கிச்சே' திட்டம் வந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலேயே கணினி மையங்களைத் திறந்தார்கள்.

[திரையில்: ஹெட்ஃபோன் மாட்டிய இளம் ஆசிரியை]

கிச்சே, இஷீல் மொழிகளில் சிடிக்கள் தயாராயின. இணையம் எட்டாத ஊருக்கும் சிடி போய்ச் சேருமல்லவா? சொல்லைத் தொட்டால் ஒலி கேட்கும். எழுத்துத் தெரியாத ஆசிரியர் பத்து முறை தொட்டாலும், 'இதுகூடவா தெரியாது' என்று கேட்க யாரும் இல்லை. எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

அடுத்த படி, ஆசிரியரே பாடம் தயாரிப்பது. பாட்டி சொல்லும் கதையை ஒலிப்பதிவு செய்து, தட்டச்சு செய்து, படம் சேர்த்தால் வகுப்புக்குப் பாடம் தயார். கணக்கும் அப்படித்தான். மாயா எண்கள் இருபது இருபதாக ஏறும். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம். இருபதுக்குக் கிச்சேயில் 'ஹுவினாக்', அதாவது 'ஒரு மனிதர்'. கைவிரல், கால்விரல் எல்லாம் சேர்த்தால் இருபது! திரையில் புள்ளிகளை நகர்த்தியே இதைக் காட்டிவிடலாம்.

[திரையில்: பக்கம் முழுக்கச் சிவப்பு அடிக்கோடுகள்]

சிக்கல் வருவது தட்டச்சில்தான். ஸ்பானிஷுக்கு அமைத்த மென்பொருள், கிச்சே சொற்களையெல்லாம் பிழை என்று சிவப்பில் அடிக்கோடிடும். நேராகப் போட்ட ஒற்றை மேற்கோள் குறியைத் தானாகவே வளைத்துவிடும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கோ வெவ்வேறு எழுத்து. அப்புறம் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நான் பயிற்சி நடத்தினால் முதல் நாள், முதல் வேலை, அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைக்கச் சொல்லித்தருவதுதான். தாய்மொழியில் முதன்முதலாக எழுதுபவருக்கு, பக்கம் முழுக்கச் சிவப்பு கண்ணில் படவே கூடாது.

[திரையில்: ஃபயர்ஃபாக்ஸ் உலாவி]

கிச்சேயின் நெருங்கிய உறவு கக்சிகெல் மொழி. ஃபயர்ஃபாக்ஸ் இன்று அந்த மொழியிலும் இருக்கிறது. மெனுவைத் திறந்தால், எழுத்துக்குப் பக்கத்தில் அதே குறி.