கோப்பையை எண்ணாதீர்கள், ஐந்தாவது ஆளைப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளின் சிறந்த நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர் யார் என்பதை வென்ற கோப்பைகளை வைத்து முடிவு செய்வதா, வளர்த்தெடுத்த ஓட்டக்காரர்களை வைத்து முடிவு செய்வதா? இதுதான் தலைப்பு. வளர்த்தெடுத்தவர்களை வைத்துத்தான் என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணித் தலைவர் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டொனெலை முன்னிறுத்தினார். 1972 முதல் 2008 வரை 40 தேசியப் பட்டங்கள். அயர்லாந்திலிருந்து வந்து அப்படியொரு அணியைக் கட்டியவரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நாற்பதைப் பிரித்துப் பாருங்கள். கிராஸ் கன்ட்ரி எனும் புல்வெளி, மேடு பள்ள நெடுந்தூர ஓட்டம் 11, உள்ளரங்கத் தடகளம் 19, வெளியரங்கத் தடகளம் 10. தடகளப் பட்டத்துக்கான புள்ளிகளில் நீளம் தாண்டுதலுக்கும் மும்முறைத் தாண்டுதலுக்கும் பங்கு உண்டு. 1992 ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டுதலில் தங்கம் வென்ற மைக் கான்லி அங்கே படித்தவர்தான். ஆக 29 கோப்பைகளில், பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் சேர்த்த புள்ளிகளும் கலந்திருக்கின்றன. அவற்றைக் காட்டி நெடுந்தூரப் பயிற்சியாளரை அளப்பது எப்படிச் சரியாகும்?

சரி, கிராஸ் கன்ட்ரிக்கே வருவோம். ஓர் அணியில் ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் வருவதுதான் அணியின் புள்ளி. குறைந்த புள்ளி எடுத்த அணி வெல்லும். ஆறாவது, ஏழாவது ஆள்களின் இடம் கணக்கில் வராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அவருடைய இடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். தேசியப் போட்டியில் ஏறத்தாழ 250 பேர் ஓடுகிறார்கள். முன்வரிசையில் பத்து விநாடி என்பது ஓரிரு இடம்தான். எண்பதாவது, நூறாவது இடத்துக்கு அருகில் ஒரே விநாடிக்குள் இரண்டு மூன்று பேர் கோட்டைத் தாண்டுவார்கள். அங்கே பத்து விநாடி பிந்தினால் இருபது புள்ளி போய்விடும். 2001 ஆண்கள் தேசியப் போட்டியில் கொலராடோ 90, ஸ்டான்ஃபோர்ட் 91. ஒரே புள்ளி! நட்சத்திர வீரரை வேறு நாட்டிலிருந்துகூட அழைத்து வந்துவிடலாம். அந்த ஐந்தாவது ஆளைப் பெரும்பாலும் பயிற்சியாளர்தான் உருவாக்க வேண்டும். ஏனென்றால் அண்மைக்காலம் வரை, ஆண்களின் தடகளம், கிராஸ் கன்ட்ரி இரண்டுக்கும் சேர்த்தே ஒரு பல்கலைக்கழகம் தர முடிந்த உதவித்தொகை 12.6 பேருக்கானதுதான். ஐந்தாவது ஆளுக்குக் கால் பங்கு கிடைத்தாலே பெரிது.

அவரை எப்படி உருவாக்குவது? பள்ளியில் ஐந்து கிலோமீட்டர் போட்டி ஓடிய பையன், கல்லூரியின் தேசியப் போட்டியில் பத்து ஓட வேண்டும். வாரம் 70, 80 கிலோமீட்டர் ஓடிப் பழகியவன், மூத்தவர்கள் 130 ஓடுவதைப் பார்த்து முதல் செப்டம்பரிலேயே அதைப் பிடிக்கப் பார்ப்பான். மூச்சு ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும். எலும்பு உறுதிப்பட அதைவிட அதிக காலம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் கணுக்காலுக்கு மேலும் பாதத்திலும் விரிசல் விழுகிறது. நல்ல பயிற்சியாளர் முதல் ஆண்டு முழுவதும் அவனைப் பள்ளி அளவுக்குச் சற்று மேலேயே நிறுத்தி வைப்பார். தேவைப்பட்டால் போட்டியிலேயே இறக்க மாட்டார். ‘ரெட்ஷர்ட்’ என்ற ஏற்பாட்டில், நான்கு பருவங்களை ஐந்து ஆண்டுகளில் ஓடி முடித்தால் போதும். ஆண்டுக்கு 15 கிலோமீட்டர் கூட்டினாலும் நான்காம் ஆண்டில் 130-ஐத் தொட்டுவிடுவான்.

இன்னொரு ஆபத்து பயிற்சி வேகத்தில் இருக்கிறது. டெம்போ என்பது போட்டி வேகத்துக்குச் சற்றுக் குறைவாகச் சீராக ஓடும் கடின ஓட்டம். மூத்தவர் அதைக் கிலோமீட்டருக்கு 3:08-இல் ஓடினால், புதியவனுக்கு உரிய வேகம் 3:18. அவன் விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடினால் அது டெம்போ அல்ல, போட்டி. மறுநாள் லேசான ஓட்டத்திலும் அப்படியே செய்வான். அக்டோபரில் நன்றாகத் தெரிவான். நவம்பரில் தேசியப் போட்டி வரும்போது காலில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஒரு கடின நாள், அடுத்து லேசான நாள் என்று ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் வலியுறுத்தியது இதற்காகத்தான். அவர் நேரடியாக நடத்திய கிராஸ் கன்ட்ரி அணி ஒரு தேசியப் பட்டம்கூட வென்றதில்லை. அவருக்குப் பின் அந்த அணியை நடத்திய பில் டெலிஞ்சர் நான்கு முறை வென்றார். கோப்பைக் கணக்கை நம்பினால் பவர்மேனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டியதுதான். எதிரணி அதற்குத் தயாரா?

கொலராடோவின் மார்க் வெட்மோரை எங்கள் பக்கத்துச் சான்றாகவே நான் காட்டலாம். ஆடம் கௌச்சர், டேதன் ரிட்சன்ஹைன், ஜென்னி சிம்ப்சன், எம்மா கோபர்ன் எல்லாரும் அவரிடம் வளர்ந்தவர்கள். ஆனால் வளர்ப்பு என்று பேசும்போது உடல்நலத்தை விட்டுவிட முடியாது. அந்த அணியில் நடந்த உடல் கொழுப்பு அளவீடு கணிசமான மாணவர்களைப் பாதித்தது என்று பல்கலைக்கழகத்தின் விசாரணையே 2023-இல் சொன்னது. ஓடும் அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு மெலியும். அது நான்கு ஆண்டு படிப்போடு முடிகிற பாதிப்பு அல்ல. கோப்பைப் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

எங்கள் தேர்வு ஜோ விஹில். அவர் பயிற்சி கொடுத்த இடம், கொலராடோ மாநிலம் அலமோசா என்ற சிற்றூரில் உள்ள ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி; இப்போது அது பல்கலைக்கழகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம். உயரம் தானாக யாரையும் வளர்த்துவிடாது. அங்கே ஆக்சிஜன் குறைவு. வேக ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வெல் பயிற்சியைக் கீழே ஓடிய அதே வேகத்தில் ஓடினால் உடல் சரிந்துவிடும்; வேகத்தைக் குறைக்கவோ இடை ஓய்வை நீட்டவோ வேண்டும். இரத்தச் சிவப்பணு பெருக இரும்புச்சத்து வேண்டும்; உடலில் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் குறைவாக உள்ளவர் மலையில் எத்தனை மாதம் இருந்தாலும் சோர்வுதான் மிஞ்சும். உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்ற விஹில், இதையெல்லாம் படித்துக்கொண்டே பயிற்சி கொடுத்தவர். 1992-இல், பெரும்பாலும் சிறிய கல்லூரிகள் மோதும் இரண்டாம் பிரிவு தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியில் அவருடைய ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களில் வந்தார்கள். மொத்தம் 15 புள்ளி. அதற்குக் கீழே ஒரு எண் கிடையவே கிடையாது. ஐந்தாவது ஆளும் ஐந்தாவதாகவே வந்தார், நடுவர் அவர்களே!

மாரத்தான் வீராங்கனை டீனா காஸ்டரையும் சொல்ல வேண்டும். எதிரணி கொண்டாடும் அதே ஆர்கன்சாவில் படித்தவர். மகளிர் அணிக்கு மெக்டொனெல் பயிற்சியாளர் அல்ல என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் தனிநபர் தேசியப் பட்டம் ஒன்றுகூட வெல்லாமல் 1996-இல் அலமோசாவுக்கு வந்தார். விஹிலிடம் பயின்று 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்றார். 2006-இல் லண்டனில் 2 மணி 19 நிமிடம் 36 விநாடியில் ஓடினார்.

“இரண்டாம் பிரிவுதானே, அங்கே போட்டி குறைவுதானே” என்று எதிரணி கேட்கும். ஆடம்ஸ் ஸ்டேட்டில் விஹிலிடம் பயின்ற பாட் போர்ட்டர், 1982 முதல் 1989 வரை அமெரிக்க தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டத்தைத் தொடர்ந்து எட்டு முறை வென்றார். அந்தப் போட்டியில் பிரிவு கிடையாது. முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை பெற்று வளர்ந்தவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். அந்த எட்டு ஆண்டுகளுக்கு எதிரணி என்ன விளக்கம் தரப்போகிறது என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.