பிளாக்பூல் கவுன்சில் தேர்தல்: ஒரு சீட்டு, இரண்டு ஓட்டு

[திரையில்: கடற்கரை, கோபுரம், டிராம்]

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்குப் போகிற எல்லோரும் படம் எடுக்கும் இந்தக் கோபுரம் கவுன்சிலின் சொத்து. 2010-ல் வாங்கினார்கள். டிராமும் பஸ்ஸும் ஓட்டுகிற கம்பெனியும் கவுன்சிலுடையதுதான். 1998 முதல் இது யூனிட்டரி கவுன்சில்; மேலே கவுண்டி கவுன்சில் (மாவட்ட அளவிலான கவுன்சில்) கிடையாது. குப்பை, சாலை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாமே இங்கேதான் முடிவாகும்.

[திரையில்: வார்டு வரைபடம்]

21 வார்டுகள், வார்டுக்கு இரண்டு பேர், ஆக 42 கவுன்சிலர்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தேர்தல். 2023 மே 4-ல் நடந்த தேர்தலில் லேபர் கட்சிக்கு 28 இடம், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 14.

18 வயதான பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களோடு, முறையான விசாவில் அங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களும் இதில் அடக்கம். பலருக்கு இது தெரிவதே இல்லை. தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும். வாடகை வீடு மாறினால் புது முகவரியில் மறுபடி பதிய வேண்டும். கடலோர ஊர்களில் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் அதிகம், பட்டியலில் பெயர் விடுபடுவதும் இங்கேதான்.

[திரையில்: அடையாள அட்டைகள்]

வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. 10 மணிக்கு வரிசையில் நிற்பவருக்கும் சீட்டு கொடுப்பார்கள். வீட்டுக்கு வரும் போல் கார்டு (தேர்தல் அறிவிப்பு அட்டை) கையில் இல்லாவிட்டால் பரவாயில்லை. புகைப்பட அடையாளம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், முதியோர் பஸ் பாஸ் செல்லும். மாணவர் அட்டை செல்லாது (இதில் என்ன நியாயம் என்று கேட்காதவர் குறைவு). செல்லும் அட்டைகள் காலாவதியாகி இருந்தாலும் முகம் ஒத்துப்போனால் போதும். எதுவுமே இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு 6 வேலை நாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்கலாம்.

[திரையில்: மாதிரி ஓட்டுச் சீட்டு]

சீட்டில் வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருப்பார்கள். அதிகபட்சம் இரண்டு பேருக்கு எக்ஸ் குறி போடலாம். மூன்று போட்டால் சீட்டு முழுவதும் செல்லாது. கையெழுத்தோ பெயரோ எழுதினாலும் அதே கதிதான். ஒன்று மட்டும் போட்டால் செல்லும், ஆனால் இரண்டையும் ஒருவருக்கே கொடுக்க முடியாது.

இங்கேதான் கணக்கு. அதிக ஓட்டு வாங்கும் முதல் இருவர் ஜெயிப்பார்கள். முதல் ஓட்டு, இரண்டாம் ஓட்டு என்ற பேதமே இல்லை. இரண்டாம் இடத்தில் உங்களுக்கு வேண்டியவர் உங்கள் ஓட்டையும் சேர்த்து 610, அவரை விரட்டி மூன்றாவதாக வருகிறவர் 609 என்று வையுங்கள். "இன்னொரு ஓட்டு மிச்சம் இருக்கே" என்று அந்த 609-க்காரருக்குப் போட்டால், உங்கள் ஆளைச் சமன் செய்துவிடுவது நீங்களேதான். ஒருவர் மட்டும் ஜெயிக்க வேண்டுமென்றால் ஒரே குறியோடு சீட்டை மடித்துவிடுங்கள். கட்சிகள் இதைச் சொல்லவே சொல்லாது, அவர்களுக்கு இரண்டு இடமும் வேண்டும்.

[திரையில்: தபால் ஓட்டு உறைகள்]

தபால் ஓட்டில் விழும் அடி வேறு மாதிரி. சீட்டோடு வரும் உறுதிமொழித் தாளில் பிறந்த தேதி கேட்கும் இடத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுவார்கள். கணவன் தாளில் மனைவி கையெழுத்து போய்விடும். பதிவில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் ஓட்டு எண்ணப்படாது. தபாலில் போட நேரமில்லையென்றால் வாக்குச்சாவடியில் படிவம் நிரப்பிக் கொடுங்கள். கவுன்சில் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் அதுவும் வீண். உங்களுடையது போக மற்றவர்களுடையது ஐந்து வரைதான் கொண்டுபோகலாம்.

[திரையில்: எண்ணும் மேசை]

முதலில் பெட்டியில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கை கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரே கட்சியின் இருவருக்கும் விழுந்த சீட்டுகளைக் கட்டாக ஒதுக்கி வேகமாக முடிப்பார்கள். கலந்து போட்டவை தனித்தாளில் ஒவ்வொன்றாகக் குறிக்கப்படும், தாமதம் அங்கேதான். வித்தியாசம் கொஞ்சமென்றால் வேட்பாளர் மறு எண்ணிக்கை கேட்பார். கடைசி இடத்துக்கு இருவரும் சமமாக நின்றால் மறு தேர்தல் கிடையாது. தேர்தல் அதிகாரி அங்கேயே சீட்டுக் குலுக்கி ஒருவரை எடுப்பார்.