பேனாவை முதலில் நிறுத்துவது வீடுதான்

நடுவர் ஐயா அவர்களே, கோயில் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் யாங்கூன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

‘இல்லாத உலகத்தைக் கற்பனை செய்து எழுதும் ஆசியப் பெண்களுக்குப் பெரிய தடை வெளியுலகமா, வீடா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி வெளியுலகம் என்றார். இந்த நாட்டில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு தணிக்கை இருந்தது, 2012 ஆகஸ்டில்தான் முன்தணிக்கையை எடுத்தார்கள் என்றார். உண்மை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தம்பி, தணிக்கை அதிகாரி எழுதி முடித்ததைத்தானே வெட்டுவார்? ஆண் எழுதினாலும் வெட்டுவார், பெண் எழுதினாலும் வெட்டுவார். எழுத உட்காரும்போதே நிறுத்துவது யார்?

என் கதையைச் சொல்கிறேன். மகனின் பழைய கணக்கு நோட்டில் மீந்த பக்கங்களில், ராத்திரி கரண்ட் போன பிறகு சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு எழுதினேன். ஆற்றுக்கு அடியில் ஓர் ஊர். அங்கே கல்யாணமான பெண்கள் ஆறு மாதம் மீனாக இருப்பார்கள், ஆறு மாதம் மனுஷியாக இருப்பார்கள். அத்தை அதை எடுத்துப் படித்துவிட்டார். திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. “மூச்சு முட்டுதுன்னு எழுதியிருக்கியே, யாரால?” என்றார். கரையில் கிடக்கும் மீனுக்கு மூச்சு முட்டும் என்றுதான் எழுதியிருந்தேன் ஐயா.

குடும்பக் கதை எழுதும் பெண்ணையும் இப்படிக் கேட்பார்கள். அவள் ‘இது பக்கத்து வீட்டில் நடந்தது’ என்று சொல்லித் தப்பிக்கலாம். மீனாக மாறுகிறவளுக்கு நான் எந்த வீட்டைக் காட்டுவேன்? ‘அப்படியானால் இது உன் ஆசைதான்’ என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

இந்த மண்ணில் கற்பனைக்கா பஞ்சம்? போப்பா மலையில் பூவைத் தின்று வாழ்ந்த அரக்கியின் கதையை, முகத்தில் பூசும் தனகா மரப்பட்டையை அரைத்துக்கொண்டே சொல்வார் எங்கள் தெருவில் ஒரு பர்மியப் பாட்டி. அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அது ஊர்க் கதை. சொந்தமாக ஒன்று புனைந்தால்தான் விசாரணை வருகிறது.

பெண் பெயரைப் பத்திரிகை ஏற்காது என்றும் தம்பி சொன்னார். தமிழில் விஞ்ஞானக் கதை என்றதும் முதலில் வாயில் வரும் பெயர் சுஜாதா. எழுதியவர் ரங்கராஜன், சுஜாதா அவர் மனைவியின் பெயர். பெண் பெயரோடு வந்த கதையைப் பத்திரிகையும் போட்டது, வாசகர்களும் கொண்டாடினார்கள். அட்டையில் இடம் இருந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் உட்கார்ந்து எழுத வீட்டில் இடம் இருந்ததா?

அப்புறம், 2016-ல் சீன எழுத்தாளர் ஹாவ் ஜிங்ஃபாங், விஞ்ஞானக் கதைகளுக்குத் தரும் ஹியூகோ விருது வாங்கியது மொழிபெயர்ப்பு கிடைத்ததால்தான் என்றார். சரி. மொழிபெயர்க்க முதலில் ஒரு கதை வேண்டாமா?

வங்காளத்து ரொக்கையாவைப் பாருங்கள். பெண்கள் நாட்டை ஆள, ஆண்கள் திரைக்குள் இருக்கும் உலகத்தை எழுதினார். சூரிய வெப்பத்தால் எதிரிப் படையை விரட்டுவார்கள், ஆகாயத்தில் வண்டி ஓட்டுவார்கள். வெளியிட்டது நம் சென்னையில் நடந்த, பெண்களுக்கான ஓர் ஆங்கிலப் பத்திரிகை. 1905-லேயே! வெளிக்கதவு அவருக்குத் திறந்திருந்தது. வீட்டிலோ அவரைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வங்காளியும் ஆங்கிலமும் அண்ணன் ராத்திரியில் ஒளிந்து சொல்லிக்கொடுத்தார். பிறகு கணவர் எழுதச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். அந்த அண்ணனும் கணவரும் வேறு மாதிரி இருந்திருந்தால்? பூட்டும் வீட்டில்தான் இருந்தது, சாவியும் வீட்டில்தான் இருந்தது.

அத்தை கேட்ட பிறகு அந்த நோட்டை நான் தொடவில்லை. பதினோரு பக்கம். மீனாக இருந்தவள் திரும்பக் கரையேறும் இடத்தில் நிற்கிறது. எந்த அதிகாரியும் அதைப் பார்த்ததில்லை. எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பியதில்லை. தீர்ப்புக்கு முன் நீங்கள் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறேன். இதோ ஐயா.