உப்பு எங்கே போகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எரிபொருளை எரிக்காமலே மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலம் என்றால் இப்போது எல்லாருக்கும் ஹைட்ரஜன் பஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நம் தரமணியில், ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில், எரிபொருள் மின்கலங்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பஸ்ஸுக்கும் காருக்கும் ஏற்ற கலம் தண்ணீர் கொதிக்கும் சூட்டைக்கூட எட்டாமல் வேலை செய்வது. நான் பேச வந்திருப்பது வேறு ஒன்றைப் பற்றி. அது எங்கும் ஓடாது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, 650 டிகிரி செல்சியஸ் சூட்டில், இரவும் பகலும் மின்சாரம் கொடுக்கும். உருகிய கார்பனேட் எரிபொருள் மின்கலம் என்பது அதன் முழுப்பெயர். இவ்வளவு நீளத்தை ஒவ்வொரு முறையும் சொன்னால் எனக்குக் கொடுத்த நேரம் பெயரிலேயே போய்விடும். உப்புக் கலம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த உப்பு சாம்பாரில் போடுகிற உப்பு அல்ல. லித்தியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்த கலவை. துணிக்குப் போடும் சலவைச் சோடா இருக்கிறதே, அது சோடியம் கார்பனேட். இவையெல்லாம் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். மூலக்கூறு எண்ணிக்கையில் லித்தியம் 62 பங்கு, பொட்டாசியம் 38 பங்கு என்ற கணக்கில் கலந்தால் ஏறக்குறைய 490 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியாக என்றால் இரண்டுக்கும் 700 டிகிரிக்கு மேல் வேண்டும்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கம் காற்றும் கரியமில வாயுவும் போகின்றன. அங்கே அவை கார்பனேட் அயனியாகி உருகிய உப்புக்குள் இறங்குகின்றன. அந்த அயனி உப்பைக் கடந்து மறுபக்கம் போய் ஹைட்ரஜனைச் சந்திக்கிறது. நீராவி உண்டாகிறது, கரியமில வாயு மறுபடி வெளியே வருகிறது, எலக்ட்ரான்கள் கம்பி வழியாகப் போய் நமக்கு வேலை செய்கின்றன. ஒரு கலத்துக்கு முக்கால் வோல்ட் கிடைத்தால் சந்தோஷம். அதனால்தான் நூற்றுக்கணக்கான கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். சூடு அதிகம் என்பதால் பிளாட்டினம் வேண்டாம், நிக்கல் போதும். கார்பன் மோனாக்சைடு பஸ்ஸில் ஓடுவது போன்ற சூடு குறைந்த கலங்களுக்கு விஷம். இதற்கு அதுவும் எரிபொருள்தான்.

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் ஊரெல்லாம் பரவவில்லை என்று கேட்பீர்கள். என் பதில் ஒன்றே ஒன்று. உப்பு நிற்க மாட்டேன் என்கிறது.

ஹாலந்து நாட்டில் கெட்டெலார், புரூர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1950களில் இந்தக் கலத்தில் முனைந்து வேலை செய்தார்கள். 1960 வாக்கில், மக்னீசியம் ஆக்சைடு வட்டுக்குள் கார்பனேட்டை ஊறவைத்து, ஒரு கலத்தை ஆறு மாதம் ஓட்டிக் காட்டினார்கள். அப்போதே அவர்கள் கவனித்த குறை: உருகிய உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது, அதில் ஒரு பங்கு, கசிவை அடைக்கும் கேஸ்கெட்டோடு சேர்ந்து வினைபுரிந்து போகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் இந்தத் துறைக் கட்டுரை எதைப் பிரித்தாலும் அதே கவலை.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலையத்தார் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள், முயன்று பார்க்கிறேன். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு பிட்டர் இருந்தார். பெரம்பூர்ப் பக்கத்துக்காரர், கைத்தொழிலில் பழுத்தவர். ஸ்பேனரைப் பிடித்துத் திருகும்போதே மரை சரியாக ஏறுகிறதா இல்லையா என்று காதால் கண்டுபிடிப்பார். எங்களிடம் அப்போது உள்ளங்கை அகலத்தில் ஓர் உப்புக் கலம் உலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் நன்றாக மின்னழுத்தம் காட்டியது, பிறகு வாரத்துக்கு வாரம் இறங்கியது. படித்தவர்கள் நாங்கள் எல்லாரும் கூடிப் பேசினோம். வாயுவும் உப்பும் சந்திக்கும் மின்வாய் கெட்டுவிட்டது என்றார் ஒருவர். வாயுவில் கந்தகம் இருக்கிறது என்றார் இன்னொருவர். மீட்டரையே சந்தேகித்தவரும் உண்டு.

உலையை ஆறவைத்துக் கலத்தை வெளியே எடுத்த அன்று பிட்டர் வந்தார். உள்ளே பார்க்கவே இல்லை. டார்ச் விளக்கை அடித்து வெளிச் சட்டத்தையும் போல்ட்டுகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு கத்தி முனையால் அதைச் சுரண்டிக் காகிதத்தில் தட்டினார். டீக்கு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து அதன்மேல் பிழிந்தார். நுரைத்துக்கொண்டு பொங்கியது. கார்பனேட்டில் புளிப்புப் பட்டால் பொங்காமல் என்ன செய்யும்? "சார், நீங்கள் உள்ளே வைத்ததெல்லாம் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது" என்றார். சுரண்டியதை எடை போட்டோம். போட்ட உப்பில் கணிசமான பங்கு அங்கே இருந்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் கூடத்துக்குள் நுழையும்போதே "உப்பு எங்கே போகிறது?" என்றுதான் கேட்பார். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். புதிய வடிவமைப்பு என்று யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் நானும் இன்றுவரை அதைத்தான் கேட்கிறேன்.

சரி, எங்கேதான் போகிறது? முதலில், அது உள்ளே எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். விளக்குத் திரி எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இழை நெருக்கமாக இருந்தால் பிடிப்பு அதிகம். உப்புக் கலத்தின் நடுவில் லித்தியம் அலுமினேட் என்ற பீங்கான் பொடியால் ஆன மெல்லிய தகடு இருக்கிறது. கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் துளைகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இருபுறமும் உள்ள மின்வாய்களின் துளைகள் பல மைக்ரான். ஆகவே உப்பு முதலில் நடுத்தகட்டை நிரப்பும், மிச்சம்தான் மின்வாய்களுக்கு. மின்வாய் முழுக்க நனைந்துவிட்டால் வாயு உள்ளே வர முடியாது. காய்ந்துவிட்டால் அயனி போக முடியாது. அரைகுறையாக நனைந்திருக்க வேண்டும். இதைத் துளை அளவை வைத்தே சாதிக்கிறார்கள். வேறு அணை எதுவும் கிடையாது.

ஆனால் அந்தப் பொடி ஆண்டுக்கணக்கில் 650 டிகிரியில் கிடக்கிறது. சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களில் சேர்கின்றன. பொடியின் காமா என்ற படிக வடிவம் மெல்ல ஆல்ஃபா என்ற வடிவமாக மாறுகிறது. துளைகள் அகலமாகின்றன, பிடிப்புத் தளர்கிறது. ஆகவே இந்தச் சூட்டில் நிலைத்து நிற்கும் ஆல்ஃபா வடிவத்தையே முதலிலிருந்து பயன்படுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. இன்னொரு ஆபத்தும் உண்டு. கலம் ஆறினால் உப்பு உறைந்து சுருங்கும், தகடு விரிசல் விடும். அதைத் தடுக்க அலுமினா இழைகளைக் கலக்கிறார்கள். விரிசல் ஓடி வந்து இழையில் முட்டி நின்றுவிடும். இருந்தாலும், நம்மூர் கோடைக்கால மின்வெட்டு மாதிரி அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதற்கு ஏற்ற யந்திரம் இது அல்ல.

அடுத்து எரிபொருள் பக்கத்து மின்வாய். அது நுண்துளை நிக்கல். அடுக்கை மேலிருந்து அழுத்திக் கட்டியிருப்பார்கள். அந்தச் சூட்டில், அந்தப் பாரத்தில், சுத்த நிக்கல் மெல்ல மெல்ல நசுங்கும். குரோமியம் சேர்த்தால் நசுங்குவது குறையும். ஆனால் அந்தக் குரோமியம் உப்பிலுள்ள லித்தியத்தைத் தின்னும். அலுமினியம் சேர்த்தால் நசுங்குவது இன்னும் குறைகிறது. என் கட்சி அலுமினியம்.

காற்றுப் பக்கத்து மின்வாய் நிக்கல் ஆக்சைடு. இது உப்பில் துளித்துளியாகக் கரைகிறது. கரைந்த நிக்கல் நடுத்தகட்டுக்குள் நகர்ந்து, எதிரே வரும் ஹைட்ரஜனைச் சந்தித்ததும் உலோகமாகப் படிகிறது. படிந்து படிந்து ஒருநாள் இரு பக்கத்தையும் தொடும் பாலமாகிவிடும். அந்தக் கலம் முடிந்தது. கரியமில வாயுவின் அழுத்தம் கூடினால் கரைவதும் கூடும் என்பதால், அழுத்தத்தை ஏற்றி அதிக மின்சாரம் எடுக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. பொட்டாசியத்துக்குப் பதிலாகச் சோடியம் போட்டால் கரைவது குறைகிறது. ஆமாம், சலவைச் சோடா உள்ளே வந்துவிட்டது. மக்னீசியம் சேர்ப்பதும் உதவுகிறது. நிக்கலை விட்டுவிட்டு லித்தியம் இரும்பு ஆக்சைடுக்குப் போகலாமே என்று முயன்றார்கள். கரையவில்லைதான், மின்சாரத்தையும் சரியாகக் கடத்தவில்லை. லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நன்றாகக் கடத்தும், விலை எட்டாது. மெல்லிய பூச்சாக நிக்கல்மேல் பூசினால் கட்டுப்படியாகலாம்.

இனி, கலத்துக்கும் கலத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு. நம் வீட்டுப் பாத்திரக்காரர் எவர்சில்வர் என்று சொல்லும் அதே இனம், கொஞ்சம் உயர்ந்த ரகம். ஒரு முகத்துக்குக் காற்று, மறு முகத்துக்கு எரிபொருள். எரிபொருள் முகத்துக்கு நிக்கல் போர்த்துகிறார்கள். காற்று முகத்தில் துரு ஏறும்போது அதுவும் லித்தியத்தைக் குடித்துக்கொண்டே ஏறுகிறது. ஓரங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே உருகிய உப்பே வாயு கசியாமல் காக்கும் அடைப்பாக நிற்கிறது. ஒரே உலோக விளிம்பு ஒருபுறம் காற்றையும் மறுபுறம் எரிபொருளையும் தொடுவதால், விளிம்பே ஒரு குட்டி மின்கலமாகி அரித்துப்போகும். இதற்குக் கண்ட மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. விளிம்பில் அலுமினியம் பூசிவிடுகிறார்கள். அது உப்போடு சேர்ந்து லித்தியம் அலுமினேட் ஆகிறது. நடுத்தகடு எதனால் ஆனதோ அதே பொருள். மின்சாரம் கடத்தாது, மேற்கொண்டு அரிக்கவும் விடாது.

கடைசியாகக் கேஸ்கெட். எங்கள் பிட்டரின் எதிரி. அடுக்கின் பக்கவாட்டில் வாயுவைக் கொண்டுவரும் பெட்டியைப் பொருத்தினால், அதற்கும் அடுக்குக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கேஸ்கெட் ஓடும். எல்லாக் கலங்களையும் அது தொட்டுக்கொண்டிருக்கும். அடுக்கின் மொத்த மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் ஆகையால், உப்பு அந்தக் கேஸ்கெட் வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுபட்டுப் போகிறது. ஒரு முனையில் கலங்கள் காய்ந்துபோகின்றன, மறுமுனையில் மூழ்கிப்போகின்றன. நடுவில் இருப்பவை மட்டும் சுகமாக இருக்கும். ஒன்று கெட்டாலும் மின்சாரம் அதைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் மொத்த அடுக்கும் அந்த ஒன்றுக்குக் கட்டுப்பட்டது. இதற்கு ஒரு வழி, பெட்டியையே ஒழித்துவிட்டு, தகடுகளுக்குள்ளேயே துளை வைத்து வாயுவைக் கொண்டுபோவது. பொதுக் கேஸ்கெட் இராது. தகடு செய்வது சிக்கலாகும், மின்சாரம் தரும் பரப்பும் கொஞ்சம் குறையும். இன்னொரு வழி, உப்பை அதிகம் உறிஞ்சாத கேஸ்கெட்டைப் போட்டு, காயும் முனையில் கூடுதல் உப்பைச் சேமித்து வைப்பது. இரண்டும் நடைமுறையில் உள்ளவை. நான் முதல் வழிக்காரன்; காசு போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழிக்காரர்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்தார் விரல் காட்டுகிறார். கேஸ்கெட்டிலேயே நேரத்தை விட்டுவிட்டேன். மீதி எல்லாம் ஓட்டமாக.

மீத்தேனை அடுக்குக்குள்ளேயே ஹைட்ரஜனாக்கலாம். அந்த வினை சூட்டை உறிஞ்சும், ஆகவே அடுக்கைக் குளிர்விக்கும் வேலையும் அதிலேயே முடிகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் வாயுவை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே, அந்த வாயுவும் இதற்கு ஏற்றதுதான், கந்தகத்தை அடியோடு நீக்கிவிட்டால். தென்கொரியாவில் ஹ்வாசோங்கில் ஒவ்வொன்றும் 2.8 மெகாவாட் கொண்ட 21 உப்புக் கலத் தொகுதிகள் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. நம் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தக் கலத்தில் வேலை நடந்திருக்கிறது. கரியமில வாயு காற்றுப் பக்கத்திலிருந்து எரிபொருள் பக்கத்துக்கு இடம்பெயர்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? மின்நிலையப் புகையைக் காற்றுப் பக்கத்தில் விட்டால், அதிலுள்ள கரியமில வாயுவைச் செறிவாக மறுபக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம், மின்சாரத்தையும் எடுத்துக்கொண்டே. அமெரிக்காவின் ஃபியூயல்செல் எனர்ஜி நிறுவனமும் எக்ஸான்மொபிலும் 2016 முதல் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன. இதற்கென்று இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன், அவை பையிலேயே இருக்கின்றன. நிலையத்துக்கு எழுதிக் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன். வணக்கம்.