மிளகாய் வறுத்தால் கத்தும் அலாரம்

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைத் திருத்துவது என் தொழில். போகிற வீட்டில் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பேன். எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் அங்கே வெறும் வட்டத் தட்டுத்தான் ஒட்டியிருக்கும். அதில் இருக்க வேண்டிய புகை அலாரம் அலுமாரிக்குள் கிடக்கும். கேட்டால், "தம்பி, மிளகாய் வறுத்தாலே கத்துது, என்ன செய்யிறது?" என்பார்கள்.

நியாயமான முறைப்பாடுதான். தாளிதம் இல்லாமல் கறி ஏது? ஆனால், அலாரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஒளியைக் கொண்டு புகையைக் கண்டுபிடிக்கும் 'ஃபோட்டோஎலக்ட்ரிக்' வகையை வாங்கி, அடுப்பிலிருந்து பத்தடிக்கு அப்பால் மாட்டுங்கள். சமையல் புகைக்கு அது இலகுவில் கத்தாது. கத்தினாலும் சிறிது நேரம் அடக்கி வைக்கப் பெரும்பாலானவற்றில் ஒரு பொத்தான் உண்டு.

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. இப்போது பல வீடுகளில் புகைக்கும், எரிபொருள் எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கும் ஒரே கருவிதான். மிளகாய்க்காகப் பற்றரியைக் கழற்றினால் இரண்டு காவலும் போய்விடும். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, ஓங்காளம், அசதி. காய்ச்சலாக்கும் என்று போய்ப் படுப்பவர் எழும்பாமலே போகலாம். பனி கொட்டிய பிறகு ஃபர்னஸின் புகைக்குழாய் வெளியே மூடுண்டு கிடக்கும். அதை யார் போய்ப் பார்க்கிறோம்? கராஜுக்குள் காரைச் சூடாக்குகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இப்படி இறந்தது. எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் வாயு அலாரம் இல்லை. தாய் மாகாணப் பொலிஸ் அதிகாரி. அதற்குப் பிறகு, 2013இல் வந்ததுதான் வாயு அலாரம் பற்றிய ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம். 2026 ஜனவரி முதல் விதி இன்னும் இறுகியிருக்கிறது. எரிவாயு ஃபர்னஸோ, கணப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் வாயு அலாரம் வேண்டும்.

பேஸ்மன்றை வாடகைக்கு விட்டிருப்பவர்களே, அங்கேயும் மாட்டுவது உங்கள் பொறுப்பு. ஃபர்னஸ் இருப்பதே பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள் படுக்கும் அறைக்குப் பக்கத்தில்தானே. கருவியின் பின்பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள், காலாவதித் திகதி இருக்கும். புகை அலாரம் என்றால் பத்து வருடத்தோடு சரி.

அப்புறம், சத்தம். மும்மூன்றாகக் கத்தினால் புகை. நந்நான்காகக் கத்தினால் வாயு. இடைக்கிடை ஒரு கீச்சு என்றால் பெரும்பாலும் பற்றரி. நான்கு கேட்டால் யன்னலைத் திறந்துவிட்டு யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். பேஸ்மன்றில் இருப்பவர்களையும் எழுப்பி, எல்லோரும் வெளியே போய் 911ஐ அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் சொல்லும்வரை ஜாக்கெட் எடுக்கக்கூட உள்ளே போக வேண்டாம்.