தட்டினால் பயம் போகுமா? 2,999 ரூபாய் கேட்கிறார்கள்!

வணக்கம் மக்களே. சமையலறை டூர் போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். இன்றைக்குச் செம கடுப்பில் இருக்கிறேன். போனைத் திறந்தாலே ஒரு விளம்பரம்: விரலால் தட்டினால் பதற்றம் பறந்துவிடுமாம். ஆன்லைன் வகுப்பு, 2,999 ரூபாய். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் டைமர், பத்து நிமிடத்தில் சலுகை முடியப் போகிறதாம். ரெஃப்ரெஷ் செய்தேன், மறுபடியும் பத்து நிமிடம்! வேண்டுமென்றே ஓடவிட்டுப் பார்த்தேன். பூஜ்ஜியத்துக்கு வந்தது, விலை அப்படியே நின்றது. இந்த டைமர் வேலை எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று மிக்ஸி வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதன் பெயர் ஈஎஃப்டி, அதாவது எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ். பயம் எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளங்கை ஓரம், புருவம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, காறை எலும்பு, உச்சந்தலை என்று விரல் நுனியால் தட்ட வேண்டும். மறுபடி மார்க். அவ்வளவுதான். 1990களில் இதை உருவாக்கிய அமெரிக்கர் கேரி கிரெய்க், கையேட்டை இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார். இலவசம்! இங்கே 2,999.

"எல்லாம் டுபாக்கூரா அக்கா?" என்று கேட்பீர்கள். ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. 2012இல் டாசன் சர்ச் என்ற ஆய்வாளரின் குழு 83 பேரை வைத்து ஆய்வு செய்தது. ஒரே ஒரு மணி நேரம் தட்டியவர்களுக்கு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சராசரியாக 24 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்த வருடம், முன்னாள் படைவீரர்கள் 59 பேரிடம் இன்னொரு ஆய்வு. தட்டியவர்களில் பெரும்பாலோருக்கு பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பின் அறிகுறிகள் நன்றாகத் தணிந்தன. ஆனால் யாரோடு ஒப்பிட்டார்கள்? தட்டிக்கொள்ளத் தங்கள் முறை வரட்டும் என்று காத்திருந்தவர்களோடு. அவர்களை ஜெயிப்பது பெரிய விஷயமா? சர்ச் இதே முறைக்குப் பயிற்சி தரும் நிறுவனம் நடத்துபவர் வேறு.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2003இல் வெயிட், ஹோல்டர் என்ற இருவர் செய்த ஆய்வுதான். மொத்தம் 119 பேர். ஒரு குழு ஈஎஃப்டி சொன்ன புள்ளிகளில் தட்டியது. இன்னொன்று கையில் சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு பொம்மையைத் தட்டியது. பொம்மையை! மூன்று குழுவுக்கும் பயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. எதையும் தட்டாத நாலாவது குழுவுக்குத்தான் பெரிதாகக் குறையவில்லை. அப்புறம் புருவத்துக்கென்ன தனி மகிமை? பயத்தை நேராக நினைத்துப் பார்ப்பதே வேலை செய்கிறது என்பது என் ஊகம்.

பிரிட்டனில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பும் 2018இல், பிடிஎஸ்டிக்கு இது உதவுமா என்று இன்னும் ஆராயச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. பெரிய அதிர்ச்சியைக் கடந்தவர்கள் தயவுசெய்து மனநல மருத்துவரிடம் போங்கள், ரீல்ஸிடம் போகாதீர்கள்.

அட, காலஹனை விட்டுவிட்டேனே! கிரெய்க்குக்கு முன்னோடி ரோஜர் காலஹன் என்ற உளவியலாளர். தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய ஒரு பெண், வயிற்றைப் பிசைகிறது என்றாராம். சீன மருத்துவப்படி வயிற்றுக்கான சக்தித் தடம் கண்ணுக்குக் கீழே போகிறது என்று இவர் அங்கே தட்டச் சொல்ல, பயம் போயே போச்சு என்பது அவர் சொன்ன கதை. பின்னாளில் தன் உயர்நிலைப் பயிற்சிக்கு அவர் வைத்த விலை ஒரு லட்சம். ரூபாய் இல்லைங்க, டாலர்! அவரிடம் படித்த கிரெய்க்தான், காலஹன் சொன்னபடி பிரச்சினைக்கு ஒரு தட்டும் வரிசை எதற்கு, எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று சுருக்கினார். அதற்காகவே அந்த மனிதரைப் பிடிக்கிறது.